தலைக்கு வகுத்தால்

தவமணி தன் கணவருக்குத் தன் கையால் சோறு போட்டு வெகுநாளாகியிருந்தது. எதிர்வீட்டு ஜெயராணிதான் அவருக்குப் போட்டாள். ஜெயராணியின் மகள் கயலுக்குத் தவமணி ஊட்டினாள். காலையில் இரண்டு பெண்களும் அவரவர் வாசலிலிருந்து இறங்கி, தெருவின் நடுவில் ஒருவரையொருவர் தாண்டி, அடுத்தவர் வீட்டுக்குள் போவார்கள்.

“அண்ணன் எந்திரிச்சாச்சுங்களா அக்கா?”

“எந்திரிச்சு உன்னையத்தான் கேட்டுட்டிருக்கறார். பாப்பா?”

“தலை சீவ மாட்டேன்னு கட்டிலுக்கடியில போய் உக்காந்துட்டா. இனி உங்க பாடு.”

வேலை முடிந்ததும் அந்தந்த வீட்டு ஆண் கையை நீட்டுவார். இருவர் மணிக்கட்டிலும் கட்டியிருக்கும் பட்டைகள் ஒட்டும்போது அழுத்தினால் ஒரு சின்ன மணிச்சத்தம் கேட்கும். கூலி போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். தவமணியின் கணவர் நாச்சிமுத்துவிடமிருந்து ஜெயராணிக்குப் போன அதே தொகை, ஜெயராணியின் கணவன் பழனியப்பனிடமிருந்து தவமணிக்கு வரும். மணியாறு நகரம் முழுக்க விடிந்ததிலிருந்து அந்தச் சத்தம்தான். முருங்கை மரத்து மைனா ஒன்று அதே சுருதியில் கத்தப் பழகிவிட்டது என்று நாச்சிமுத்து சொல்வார். தவமணி ஒருநாள் நின்று கேட்டாள். உண்மைதான்.

இது தொடங்கியது ஒரு கல்யாண மண்டபத்தில். நகரத்தின் வரிசை அலுவலர் ஹரிபாஸ்கர், கழுத்தில் வியர்வைத் துண்டோடு மேடையில் நின்று எல்லாருக்கும் விளக்கினான். படித்து முடித்து நேராக வேலைக்கு வந்த பையன். பேசும்போது அடிக்கடி மன்னிப்புக் கேட்கிற குரல் அவனுக்கு.

நாட்டின் எல்லா நகரங்களையும் ஓர் எந்திரம் ஓயாமல் அளந்துகொண்டிருந்தது. அதற்கு அளவி என்று பெயர். ஒரு நகரத்தில் நடக்கிற ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் சேர்த்துக் கூட்டி, அங்கே வாழ்கிற தலைகளால் வகுத்து, நகரங்களை வரிசையில் நிறுத்தும். வரிசையின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருக்கிற நகரங்களுக்குத்தான் செலவு பிடிக்கிற மருத்துவப் பிரிவுகள். கீழே இறங்கினால் டயாலிசிஸ் எந்திரங்களையும் குறைப்பிரசவக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிகளையும் லாரியில் ஏற்றி, மேலே ஏறிய நகரத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பக்கத்து நகரமான வேலாங்குறிச்சிக்கு அப்படித்தான் ஆனது. அங்குள்ள சிறுநீரக நோயாளிகள் வாரத்துக்கு மூன்று முறை வெகுதூரம் பஸ்ஸில் போய்வந்தார்கள். கொஞ்ச நாளில் அந்த பஸ்ஸில் கூட்டம் குறைந்துபோயிற்று.

மணியாறு லாரிகளுக்குக் கூண்டு கட்டுகிற ஊர். பட்டறைகளில் பாதி மூடிக் கிடந்தன. கோடு காலடி வரை வந்துவிட்டிருந்தது.

“நீங்க உங்க வீட்டுக்காரருக்குச் சமைச்சா அளவிக்குத் தெரியாதுங்க,” என்றான் ஹரிபாஸ்கர். “எதிர்வீட்டுக்காரருக்குச் சமைச்சு, அவர் கூலி கொடுத்தா தெரியும்.”

“அப்ப இத்தனை வருசமா நான் சமைச்சது?” என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

“மன்னிச்சுக்கங்க. அது நடக்கவே இல்லைங்க.”

மண்டபம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் கண்ட உண்மையைத்தான் சொன்னான்.

லாரிகளின் பக்கப்பலகையில் தாமரையும் மயிலும் வரைந்து பெயர்பெற்றவர் நாச்சிமுத்து. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, கைகால் வீங்கி, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையைத் தூக்கினார்.

“தம்பி, காலையில போற காசு சாயங்காலம் திரும்பி வந்துருது. யாருக்கு என்ன லாபம்?”

“காசு எங்க இருக்குதுங்கறது அளவிக்கு வேண்டாங்கண்ணா. நகருதா, அதான் வேணும்.”

“ஒரு லாரியை முன்னாடியும் பின்னாடியும் ஓட்டிட்டே இருந்தா சேலம் போய்ச் சேந்துரலாமா?”

மறுபடியும் சிரிப்பு. ஆனால் தவமணி அன்றே பெயர் கொடுத்துவிட்டாள். அவர்கள் தெருவுக்கு அவளே வரிசைப் பணியாளரானாள். வீடு வீடாகப் போய், எந்த வேலையையும் சும்மா செய்யாதீர்கள் என்று சொல்வதுதான் பணி. அவளுக்குக் கணக்கு புரியவில்லை. பஸ் புரிந்தது. அவர் அந்த பஸ்ஸில் ஒரு மாதம் தாங்கமாட்டார்.

நகரம் ஏறியது. கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே போய் நின்றது.

ஜெயராணி சத்தமாகப் பேசுகிறவள். நாச்சிமுத்து ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் திருட்டுத்தனமாகச் சொம்பை எடுக்கும்போதெல்லாம் அவள் பிடித்துவிடுவாள்.

“வைங்க கீழ. அக்கா இல்லாத நேரத்துல என்கிட்டயேவா?”

“ஒரு வாய் ஜெயா. நாக்கு ஒட்டுது.”

“ஒட்டட்டும். பேசாம இருப்பீங்கல்ல.” பிறகு ஒரு ஐஸ் துண்டை எடுத்து அவர் வாயில் போடுவாள். “சப்புங்க. கடிச்சீங்கன்னா அதுக்குத் தனி ரேட்.”

அவர் சிரிப்பது எதிர்வீட்டு ஜன்னல் வரை கேட்கும். கயலுக்குத் தலை சீவிக்கொண்டிருக்கும் தவமணியின் கை ஒரு கணம் நிற்கும். தன் வீட்டுச் சிரிப்பைத் தெருவுக்கு மறுபக்கத்திலிருந்து கேட்பது விசித்திரமாக இருந்தது. ஏதோ ஒரு பழைய வீட்டின் ஒலியைக் கனவில் கேட்பதுபோல. அந்தப் பக்கம் ஜெயராணிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கயல் அடம்பிடித்து அழுவதும் பிறகு தவமணியின் மடியில் அடங்குவதும் அவளுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஒரே ஒருமுறை தெருவின் நடுவில் ஜெயராணி நின்றாள். “அக்கா, பாப்பா தூக்கத்துல உங்களைக் கூப்பிடறா.”

“இவர் தூக்கத்துல உன்னையத் திட்டறார்.”

“அப்ப சரி, கணக்கு நேராயிருச்சு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டும் போனாள்.

மழைக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. அளவி ஆண்டுக்கு நான்கு முறை கோட்டைப் புதிதாகப் போடும். அதற்கு முந்தைய வாரத்தை அளவு வாரம் என்பார்கள். காய்ச்சல் அந்த வாரத்தில்தான் பரவியது. பட்டறைகளில் ஆட்கள் வேலை நடுவே உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தெருவிலும் ஆம்புலன்ஸ் நின்றது. ஜெயராணி, நாச்சிமுத்துவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வீட்டில் விட்டுவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்தவள் எழவில்லை.

தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே இருப்பதாகச் சொன்னார்கள். வெளியூரிலிருந்து ரத்தம் வந்தது, மருந்து வந்தது, பெரிய டாக்டர் ஒருவர் வந்தார். மூச்சுக்கு எந்திரம் வைத்தார்கள். பழனியப்பன் மோட்டார் சைக்கிளை விற்றான், பட்டறையில் முன்பணம் வாங்கினான், கேட்ட இடத்திலெல்லாம் கைப்பட்டையை நீட்டினான். எதுவும் ஜெயராணியைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த காலையில், ஹரிபாஸ்கர் தவமணி வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் கறுத்திருந்தது.

“அக்கா, இதைக் கேக்கக் கூடாது. தெரியும்.”

“சொல்லுங்க சார்.”

“ஊர் முழுக்கப் பட்டறை மூடிக் கிடக்குது. இறங்கிட்டே இருக்கறோம். சாவு வீட்டுல அடுப்பு பத்தவைக்க மாட்டாங்க, தெருவே சோறு கொண்டுவரும். எத்தனை தெரு, எத்தனை வீடு! அதெல்லாம் சும்மாவே நடந்தா...” அவன் நிறுத்தினான். “கொண்டுவர்றவங்களை மட்டும் பட்டையை அழுத்தச் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம். கோட்டுக்குக் கீழ போயிட்டா, அண்ணனோட எந்திரம் இந்த மாசமே போயிரும்.”

உள்ளே கட்டிலில் நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அவர் தூங்கவில்லை என்பது தவமணிக்குத் தெரியும்.

“நான் கேட்டுப் பாக்கறேன்,” என்றாள்.

தெருவைத் தாண்டினாள். இந்த முறை எதிரே யாரும் வரவில்லை.

வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. அவற்றின் பக்கத்தில், சுவரோரமாக, வேறு ஒரு குவியல் இருந்தது. குனிந்து பார்த்தாள். கைப்பட்டைகள். வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றும்போதே அதையும் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிச் செய்ததாகத் தெரியவில்லை. முதலில் ஒருத்தி கழற்றியிருப்பாள், அடுத்தவள் பார்த்திருப்பாள். பித்தளைத் தூக்குகளிலும் ஹாட்பாக்ஸ்களிலும் ரசமும் சோறும் வந்துகொண்டிருந்தன. வாங்கி வைக்கிறவர்களின் வெறும் மணிக்கட்டில் பட்டை கட்டிய இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

தவமணி பட்டையோடுதான் உள்ளே போனாள்.

ஜெயராணியை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவ்வளவு அமைதியாக அவளை யாரும் பார்த்ததில்லை. பழனியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கயல் அவன் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தவமணியைக் கண்டதும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“அத்தை, பசிக்குது.”

பழனியப்பன் தலையைத் தூக்கினான். “நீங்களே ஊட்டிருங்கக்கா. யார் கையிலயும் வாங்க மாட்டேங்கறா.”

அவள் சோறு பிசைந்தாள். கயல் நின்றபடியே வாங்கிக்கொண்டாள். வாய் நிறையச் சோற்றுடன், கிடத்தியிருக்கும் அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கேட்க வேண்டியதைத் தவமணி மனதில் அடுக்கிப் பார்த்தாள். தம்பி, வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. தம்பி, அண்ணனுக்காக. எந்த வரியும் வாய் வரை வரவில்லை.

கிண்ணம் காலியானபோது பழனியப்பன் தானாகவே கையை நீட்டினான். அந்தக் கூடத்தில் பட்டை கட்டியிருந்தவர்கள் அவர்கள் இருவர்தான்.

“அழுத்துங்கக்கா.”

“தம்பி, என்ன இது?”

“அளவு வாரம். எனக்குத் தெரியாதா? அண்ணனுக்கு ஆகும், அழுத்துங்க.” அவன் கையை இறக்கவில்லை. “அவ இருந்தா அவளே உங்க கையைப் பிடிச்சு அழுத்த வெச்சிருப்பா.”

கூடத்திலிருந்த பெண்கள் அவளைப் பார்த்தார்கள். யார் பார்வையிலும் குற்றம் இல்லை. அதுதான் தாங்க முடியாமலிருந்தது. அவளுக்குக் கணவர் இருக்கிறார், அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தவமணி தன் பட்டையைக் கழற்றினாள். வாசலுக்குப் போய்க் குவியலில் வைத்துவிட்டு வந்து, ஜெயராணியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் வீடு திரும்பித் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கட்டிலருகே நின்றாள்.

“நான் அழுத்தலைங்க.”

நாச்சிமுத்து வெகுநேரம் கூரையைப் பார்த்தார். “சரி” என்றார். பிறகு, “இன்னிக்கு நீ எனக்குச் சோறு போடு” என்றார்.

போட்டாள். அவருக்கு எவ்வளவு உப்பு என்பதே அவளுக்கு மறந்துவிட்டிருந்தது.

வரிசை வெளியான அன்று தவமணி நகரமன்ற அலுவலகத்துக்குப் போனாள். எந்திரங்களை எப்போது ஏற்றுவார்கள், எந்த ஊருக்குப் போகின்றன, அந்த ஊரில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்குமா என்றெல்லாம் கேட்க வேண்டும். ஹரிபாஸ்கர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். தலை மொட்டையடித்திருந்தது.

அவள் எதுவும் கேட்பதற்கு முன் அவன் சொன்னான். “ஏறிட்டோம்கா.”

“என்ன?”

“ஏறிட்டோம். எப்பவும் இல்லாத அளவுக்கு. கோட்டுக்கு ரொம்ப மேல இருக்கறோம். மேலிடத்துலேருந்து பாராட்டு வந்திருக்குது.”

அவளுக்கு விளங்கவில்லை. “பட்டறையெல்லாம் மூடிக் கிடந்துச்சே? யாருமே அழுத்தலையே?”

“அதெல்லாம் சின்னக் காசுக்கா.” அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “ஆம்புலன்ஸ், ஐசியூ, மூச்சு எந்திரம், வெளியூர் ரத்தம், டாக்டருக்கு ஃபீஸ். நகையை அடகு வெச்சது, வண்டியை வித்தது. அப்புறம் ஐஸ் பெட்டி, வேன், மாலை. ஊர்ல ஒரு வருசத்துல நகராத காசு ஒரு வாரத்துல நகந்திருக்குது. அளவி எதுக்குன்னு கேக்காது. நகந்துச்சா, அவ்வளவுதான்.”

“அது வளர்ச்சியா சார்?”

“பாதிதான் சொன்னேன்.” அவன் மேசையிலிருந்த தாளைத் திருப்பினான். “கூட்டி வர்றதைத் தலைக்கு வகுக்கறோம்ல. இறப்பு பதிவான நிமிசமே அந்தத் தலை கழிஞ்சுரும். மேல இருக்கற எண் ஏறுச்சு, கீழ இருக்கற எண் இறங்குச்சு. அதான்.”

வெளியே யாரோ ஒருவர் இன்னொருவருக்குத் தேநீர் கொடுத்து, மணிச்சத்தம் கேட்டது.

“உங்க வீட்டுல யாருங்க சார்?” என்று தவமணி கேட்டாள்.

“அப்பா.” அவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். “அவரும் அந்தக் கணக்குல இருக்கார்.”

 பிறகு அவன்தான், அவனுக்கே உரிய மன்னிப்புக் குரலில், மீதியையும் சொன்னான். இனி அளவி மணியாற்றை இந்த உயரத்திலிருந்துதான் அளக்கும். அடுத்த முறை இதே அளவு வராவிட்டால் அது சரிவு. சரிகிற நகரத்துக்குக் கோடு இன்னும் மேலே ஏறும்.

“இதே அளவு எப்படி சார் வரும்?”

அவன் மறுபடியும் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். 

டயாலிசிஸ் அறையில் எந்திரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. நாச்சிமுத்துவின் ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், சுத்தமாகி, இன்னொரு குழாயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஊசி குத்துவதற்காக முன்கையில் ரத்தக்குழாய்களை இணைத்திருந்த இடத்தில் கைவைத்தால் பூனை உறுமுவதுபோல் அதிரும். தவமணி அதற்குச் சற்று மேலே, தோளருகே கையை வைத்துக்கொண்டாள். ஹரிபாஸ்கர் சொன்னதையெல்லாம் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இன்னிக்கும் ஜெயாதான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்கறா,” என்றார்.

பக்கத்து நாற்காலிக்காரர் ஏறிய செய்தியைக் கேள்விப்பட்டு, அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார். நாச்சிமுத்துவும் அவருக்காகச் சிரித்து வைத்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டபோது தோள் குலுங்கியது. குழாயில் அழுத்தம் மாறியதால் எந்திரம் கத்தத் தொடங்கிவிட்டது. நர்ஸ் ஓடிவந்து, “அழக் கூடாதுங்கய்யா, ஓட்டம் தடைப்படுது” என்றாள்.

அடுத்த நாளிலிருந்து தவமணி மறுபடியும் வீடு வீடாகப் போனாள். இந்த முறை யாரும் அவளை அனுப்பவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு தெருவில் பலர் பட்டையைத் திரும்பக் கட்டவே இல்லை. அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று கெஞ்சினாள்.

“கோலம் போட்டுக் குடுத்தாக்கூட அழுத்துங்க. துணி மடிச்சுக் குடுத்தா அழுத்துங்க. வழி சொன்னா அழுத்துங்க.”

“என்னக்கா, அன்னிக்கு நீங்களே கழட்டி வெச்சீங்க?” என்றாள் ஒருத்தி. “இப்ப எதுக்கு இவ்வளவு ஆத்திரம்?”

“இன்னொரு காய்ச்சல் வராம நாம மேலயே நிக்கணும் கண்ணு. அதுக்கு இது ஒண்ணுதான் நம்ம கையில இருக்குது.”

அந்தப் பெண் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். உள்ளே போய், பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

கடைசியாக எதிர்வீட்டுக்குப் போனாள். பழனியப்பன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கயலுக்குத் தலை சீவிவிட்டு, இட்லியைப் பிய்த்து ஊட்டினாள். முடிந்ததும் அவன் தயங்கியபடி கையை நீட்டினான். அவள் அழுத்தினாள்.  அவனுக்கும் ஹரிபாஸ்கர் சொன்ன செய்தி வந்துவிட்டிருந்தது.

கயல் அவள் சேலையை இழுத்தாள். “அத்தை, கதை.”

“என்ன கதை சாமி?”

“அம்மா கதை. அம்மா என்னெல்லாம் பண்ணும்னு சொல்லு.”

தவமணி தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் இருத்திக்கொண்டாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. அந்தச் சத்தமான குரல். தெருவின் நடுவே நின்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது. வாயைத் திறந்தவள், அப்படியே நிறுத்தினாள். பழனியப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

அவனுக்குப் புரிந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தவன் திரும்பி வந்து, அவள் முன்னால் குனிந்து, மறுபடியும் கையை நீட்டினான்.

மணி அடித்தது. பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள்.